சங்கரன்கோவில் பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க்

விடியற்காலை ஐந்தரைக்கு யாராவது கேட்டைத் தட்டினால் எனக்கு வயிற்றைப் பிசையும். கல்யாண ஆர்டர் பேச அந்த நேரத்தில் யாரும் வருவதில்லை. போன வருஷம் ஆவணியில் அப்படித்தான் ஒரு தம்பி வந்து நின்றான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பா ராத்திரி தவறிட்டாவ. அவிய படம் ஒண்ணு வேணும். எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதான் எடுத்திய. எட்டு மணிக்குள்ள போஸ்டர் அடிக்கக் குடுக்கணும்."

"எந்த வருஷம்ப்பா?"

"பத்து, பன்னெண்டு வருஷம் இருக்கும்க்கா. சேரன்மகாதேவில வச்சு நடந்துச்சு."

அவனை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'சேரன்மகாதேவி' என்று அடித்தேன். கூடவே 'முகம்' என்று அடித்தேன். பதினோரு படங்கள் வந்தன. நாலாவது படத்தில் அவன் அப்பா. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, வாசலில் வந்து நிற்கும் யாரையோ பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். அந்தப் பையன் கையை நீட்டித் திரையைத் தொட்டான். பின்னணியைச் சுத்தம் செய்து, மாலை விழ மேலே இடம் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தனுப்பினேன்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. ஆனாலும் எழுபது வயது அப்பாவையோ ஆச்சியையோ நல்ல வெளிச்சத்தில், முகம் நேராக, மூக்குக் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாமல் எடுத்த படம் பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தில்தான் கிடக்கும். அதைத் தேடி எங்களிடம்தான் வருவார்கள். அன்றைக்கு அந்தப் பதினோரு படம் சட்டென்று வந்து நிற்க, அதற்கு முன்னால் மூன்று தடவை நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோ திருநெல்வேலி ஜங்ஷனில், மீனாட்சிபுரம் போகிற வழியில், தரைத்தளத்தில் இருக்கிறது. என் மாமனார் 1978-ல் ஆரம்பித்தது. படம் எடுப்பது என் வீட்டுக்காரர். மெமரி கார்டு கைக்கு வந்த அப்புறம் எல்லாம் என் பொறுப்பு. இறக்குவது, பொறுக்குவது, கலர் பார்ப்பது, ஆல்பம் போடுவது, பத்திரப்படுத்துவது. மாமா காலத்தில் நெகட்டிவ் நோட்டு என்று ஒன்று இருந்தது. நீளமான கணக்கு நோட்டு. ரோல் எண், தேதி, வீட்டார் பெயர், ஊர், என்ன விசேஷம், எந்த டின். "பத்தமடை, பாய்க்காரர் வீட்டு நிச்சயம், டின் 14" என்று ஒரு வரி இருக்கும். யார் வந்து கேட்டாலும் நோட்டைப் புரட்டுவார், பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்குவார், ஐந்து நிமிடத்தில் நெகட்டிவ் வெளிச்சத்துக்கு வந்துவிடும். டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்த நோட்டு நின்றுபோனது. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நினைத்துவிட்டோம்.

2009-ல் நான் லைட்ரூம் பழகினேன். படங்களைப் பொறுக்கவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள் அது. ஏழு வருஷம் அதில் உட்கார்ந்து வேலை பார்த்தும் அது எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. லைட்ரூம் படத்தை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வதில்லை. படம் டிஸ்கில் எங்கே இருக்கிறதோ அங்கேயே கிடக்கும். எந்தப் படத்துக்கு எத்தனை ஸ்டார் போட்டோம், கலரில் என்ன மாற்றினோம், படத்தில் இருப்பவர் பெயர் என்ன என்பதெல்லாம் கேட்டலாக் என்ற ஒரே கோப்பில் இருக்கும். மாமாவின் டின்னும் நோட்டும் போலத்தான். என் டின் டி டிரைவில் இருந்தது. நோட்டு சி டிரைவில், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தது. அது எனக்குத் தெரியாது.

2016-ல் விண்டோஸ் 10 போட்டுத் தரச் சொல்லி கம்ப்யூட்டரைக் கொடுத்தோம். "டி டிரைவ்ல மட்டும் கை வச்சிராதிய" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் சொன்னபடியே டி-யைத் தொடவில்லை. சி-யை ஃபார்மட் அடித்து, புதிதாக எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து லைட்ரூமைத் திறந்தால் வெள்ளைப் பலகையாக இருந்தது. படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏழு வருஷமாக நான் உட்கார்ந்து பொறுக்கியதும் திருத்தியதும் பெயர் எழுதியதும்தான் இல்லை. வாரா வாரம் லைட்ரூமை மூடும்போது பேக்கப் எடுக்கவா என்று கேட்கும், நானும் சரி என்று அழுத்திக்கொண்டே வந்திருக்கிறேன். அந்தப் பேக்கப்பெல்லாம் கேட்டலாக் இருந்த ஃபோல்டருக்கு உள்ளேயே ஓர் உள்ஃபோல்டரில் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்த கதைதான். தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும்.

மீட்க ஒரு வழி இருந்தது. பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்ப எடுத்த ஜேபிஜிகள் தனி ஃபோல்டர்களில் இருந்தன. ஒரு ஜேபிஜி இருந்தால் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். அதே பெயருள்ள, கேமரா பதிவு செய்த ரா என்ற மூலக் கோப்பைத் தேடி மறுபடி ஸ்டார் போட்டால் பாதி வேலை திரும்பிவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் இன்னொன்று இடித்தது. கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-லிருந்து ஆரம்பிக்கும். எங்களிடம் இரண்டு கேமரா. ஐஎம்ஜி 4321 என்ற பெயரில் மட்டும் பதினேழு படங்கள் இருந்தன! எது எந்த வீட்டுப் படம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அதற்கு அப்புறம் மாற்றிக்கொண்டவை இன்றுவரை நிற்கின்றன. கேட்டலாக்கை டி டிரைவுக்குக் கொண்டுபோனேன். அதன் பேக்கப் வேறொரு டிஸ்கில் விழும்படி வைத்தேன். லைட்ரூமை மூடும்போது வரும் அதே பெட்டியில் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கத்தில், மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டேன். அதன்பின் ஒவ்வொரு ரா கோப்புக்குப் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு குட்டிக் கோப்பு உண்டாகும். ஸ்டார், பெயர்கள், கலர் திருத்தம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கேட்டலாக் போனாலும் படத்தோடு அதன் கதையும் இருக்கும். ஆனால் படங்களைத் தொகுத்து வைக்கும் கலெக்‌ஷன், ஒரே படத்துக்கு இன்னொரு திருத்தமாக வைக்கும் விர்ச்சுவல் காப்பி, எடிட்டிங் செய்த படிப்படியான வரலாறு ஆகியவை எக்ஸ்எம்பிக்குள் போகாது. அதனால் எக்ஸ்எம்பி இருக்கிறதே என்று கேட்டலாக் பேக்கப்பை விட்டுவிடக் கூடாது. ஃபோல்டரையும் படத்தையும் பெயர் மாற்றுவது, இடம் மாற்றுவது எல்லாம் லைட்ரூமுக்கு உள்ளே இருந்தே செய்யுங்கள். வெளியே விண்டோஸில் மாற்றினால் லைட்ரூமுக்கு வழி தெரியாமல் ஃபோல்டருக்குமேல் கேள்விக்குறி வந்து நிற்கும்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். கார்டிலிருந்து இறக்கும்போதே பெயர் மாற்றிவிடுவேன். வருஷம், மாதம், தேதி, அப்புறம் மணி, நிமிடம், நொடி, கடைசியில் எந்தக் கேமரா என்பதற்கு ஓர் எழுத்து, அதோடு கேமரா கொடுத்த எண். வருஷம் முதலில் இருந்தால் கோப்புகள் தானே காலவரிசையில் நிற்கும். நாளை முதலில் போட்டால் எல்லா வருஷத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகக் கூடி நிற்கும். ஃபோல்டருக்கும் அதே முறைதான். தேதி, ஊர், விசேஷம். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறேன். தமிழில் வைத்த பெயர்கள் சில பழைய மென்பொருள்களிலும் ஜிப் கோப்புகளிலும் கட்டம் கட்டமாக மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். தமிழையெல்லாம் கீவேர்டிலும் (படத்தைத் தேட ஒட்டி வைக்கும் குறிச்சொல்) படக்குறிப்பிலும் எழுதுகிறேன். அங்கே ஒரு குறையும் இல்லை.

கீவேர்டில் மாவட்டப் பெயரை நம்ப வேண்டாம். சங்கரன்கோவில், கடையநல்லூர் படங்களுக்கெல்லாம் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று எழுதி வைத்திருந்தேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாமா நோட்டிலோ 1986-க்கு முந்திய பக்கங்களில் ஸ்ரீவைகுண்டமும் திருச்செந்தூரும் நெல்லை மாவட்டம். மாவட்டம் மாறும், ஊர்ப் பெயர் மாறாது. ஊரை எழுதுங்கள், முடிந்தால் தெருவையும்.

பெயரில் நேரம் இருக்கிறது என்றால் கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் ஒரு கேமரா ஏழு நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. வரிசைப்படுத்திப் பார்த்தால் தாலி கட்டி முடிந்து எல்லாரும் அட்சதை போடுகிறார்கள், அதற்கு அப்புறம் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார். இப்போது மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரண்டு கேமராவிலும் போனில் தெரியும் கடிகாரத்தை, நொடி முள்ளோடு, ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வித்தியாசம் எவ்வளவு என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும். பெயர் மாற்றுவதற்கு முன்னால் லைட்ரூமில் அந்தக் கேமராவின் படங்களை மொத்தமாகத் தேர்வு செய்து நேரத்தை நகர்த்திவிடலாம்.

2020 ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றுபோய் வேலை இல்லாமல் இருந்தோம். அப்போதுதான் பழைய படங்களை முழுக்க ஒருமுறை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். மாமாவின் நெகட்டிவ் நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஏற்றினேன். 'முகம்' என்ற கீவேர்டு பிறந்ததும் அந்த நாட்களில்தான். அதற்கு முன்னால் நான் பொறுக்கும்போது என் கண் மணமக்களைத்தான் தேடும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நன்றாக விழுந்திருந்தாலும் பெண்ணின் கண் மூடியிருந்தால் எக்ஸ் விசையை அழுத்திக் கழித்துவிடுவேன். அப்படி எத்தனை படத்தை அழித்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறாது. ஏனென்றால் ஐந்து வருஷம் கழித்து வீட்டார் தேடி வருவது அந்தப் பெரியவருடைய படத்துக்கு. இப்போது பொறுக்கும்போது தனியாக ஒரு சுற்று இதற்கென்றே பார்க்கிறேன். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரு முகமாவது தெளிவாக, இயல்பாக விழுந்திருந்தால் அதற்கு ஊதா நிறக் குறி, 'முகம்' என்ற கீவேர்டு, தெரிந்தால் பெயர். ஒரு கல்யாணத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். கல்யாணப் படம் எடிட் செய்கிற எல்லாரிடமும் இதைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன்.

இரண்டாவது அடி 2019-ல் பட்டது. அந்த வருஷம் சித்திரையில் ஒரு சுடலைமாடன் கோவில் கொடை விழாவுக்கு என் வீட்டுக்காரர் மூன்று நாள் தங்கி எடுத்தார். காசுக்கு எடுத்ததில்லை, ஆசைக்கு எடுத்தது. மகுடம் அடித்து விடிய விடிய நடந்த கணியான் கூத்து முழுக்க இருந்தது. அந்த ஃபோல்டர் தவறுதலாக இரண்டு இடத்தில் இறங்கியிருந்தது. இரண்டில் ஒன்று அரைகுறைப் பிரதி. இடத்தை மிச்சப்படுத்துவோம் என்று நான் ஒன்றை அழித்தேன். அழித்தது முழுப் பிரதியை. பேக்கப் டிஸ்கில் இருக்கும் என்று தைரியமாக இருந்தேன். ஆனால் பேக்கப்புக்கு நான் வைத்திருந்தது மிரர் முறை. இங்கே என்ன இருக்கிறதோ அதை அப்படியே அங்கே ஆக்கும். இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும். அன்று ராத்திரியே அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து மீட்டேன். அழிந்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரைதான் வாய்ப்பு, அதனால் தெரிந்த நிமிடமே அந்த டிஸ்கைக் கழற்றி வைத்து, மீட்டதை வேறு டிஸ்கில் இறக்க வேண்டும். எங்களுடையது சாதாரண ஹார்ட் டிஸ்க் என்பதால் தப்பித்தோம். சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால் அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. மீண்டு வந்த படங்களுக்குப் பெயர் கிடையாது, ஃபோல்டர் கிடையாது, வெறும் எண்கள்தான். கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்த தேதியும் நேரமும் இருந்ததால் வரிசைப்படுத்த முடிந்தது. இருந்தாலும் நானூறு படம் போலத் திரும்பவில்லை. பெண் வேடம் கட்டி ஆடுகிறவருக்கு அண்ணாவி (கூத்தின் முதன்மைப் பாடகர்) கண்மை தீட்டிவிடுகிற படம் ஒன்று அதில் இருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்தது. அந்த அண்ணாவி இப்போது இல்லை.

ஒரே மாதிரி ஆக்குவது வேறு, பேக்கப் வேறு. இங்கே நடந்த தப்பு அங்கே உடனே போய்ச் சேராமல் இருந்தால்தான் அது பேக்கப். இப்போது பேக்கப்புக்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அழிந்ததையும் மாறியதையும் தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும் வசதி அதில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத்தான் அந்த ஃபோல்டரைக் காலி செய்வேன். இன்னொரு பழக்கம், ஓடவிடும் முன்னால் எத்தனை கோப்பு சேரும், எத்தனை அழியும் என்று அது காட்டும் எண்ணைப் பார்ப்பேன். ஒரு கல்யாணம் இறக்கிய நாளில் மூவாயிரம் சேரும் என்று வந்தால் சரி. நான் எதுவும் அழிக்காத நாளில் இரண்டாயிரம் அழியும் என்று வந்தால் நிறுத்திவிட்டு முதலில் காரணத்தைத் தேடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் 3-2-1 என்ற கணக்கைப் படித்தேன். அமெரிக்காவின் பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராஃபர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். படித்ததும் எனக்குக் குறுக்குத்துறைதான் ஞாபகம் வந்தது. முருகன் கோவில் தாமிரபரணிக்கு உள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் மூழ்கும். அதற்காகக் கோவிலை யாரும் கரைக்கு மாற்றவில்லை. தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். ஆற்றங்கரையில் கடை வைத்திருக்கும் நாங்கள் அதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்.

எங்கள் மேலக்கோவில், சங்கரன்கோவிலில் இருக்கும் என் அண்ணன் வீடு. பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லாத கரிசல் ஊர். மைனியின் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே ஒரு ஹார்ட் டிஸ்க், சுற்றி ஒரு துணிப்பை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்று அங்கே, ஒன்று இங்கே. பிறந்த வீட்டுக்குப் போகும்போது புதியதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருவேன். பொங்கல், ஆடித்தபசு, தீபாவளி, நடுவில் ஏதாவது விசேஷம். வீட்டில் எல்லாரும் புரிந்துகொள்ளும் நாட்களோடு சேர்த்ததால் இது விட்டுப்போகவில்லை. மாதம் முதல் தேதி என்று வைத்திருந்தால் எப்போதோ நின்றிருக்கும்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு, மார்கழி முதல் தேதி. அந்த மழையைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் காட்டாறுகளும் சேர்ந்து தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. எங்கள் வீடு பாளையங்கோட்டையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம். கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. புதன்கிழமைதான் போய் ஷட்டரைத் தூக்க முடிந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கம்ப்யூட்டருக்குள் ஒரு டிஸ்க், மேசை டிராயரில் பேக்கப் டிஸ்க். ஆறு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது.

நனைந்த ஹார்ட் டிஸ்கைக் காயவைத்து மாட்டிப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சாதாரண ஹார்ட் டிஸ்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கும், அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். கரண்ட் கொடுத்துத் தகடு சுழன்றால் அந்த மண்ணே தகட்டைக் கீறிவிடும். ஹேர் டிரையரும் வேண்டாம், அரிசிப் பானையும் வேண்டாம். அதில் இருப்பது வேறு எங்கும் இல்லையென்றால் தரவு மீட்பவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள், செலவு பல ஆயிரங்களில் போகும். நாங்கள் கொடுக்கவில்லை. சங்கரன்கோவில் டிஸ்கில் நவம்பர் 12 தீபாவளி வரைக்கும் எல்லாம் இருந்தது.

நடுவில் விடுபட்டது கார்த்திகை முகூர்த்தங்கள், நான்கு கல்யாணம். வெளியூர் டிஸ்க் மாறும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தோம். கார்டுகள் கேமரா பையில் வீட்டில் இருந்தன. நான்கு கல்யாணத்தின் முகூர்த்தமும் அதிலிருந்து வந்துவிட்டது. தீபாவளிக்கு அப்புறம் செய்த எடிட்டிங் எல்லாம் மறுபடி செய்தேன், இரண்டு ஆல்பங்களை முதலிலிருந்து போட்டேன். ஓர் இடத்தில் மட்டும் விதியை மீறியிருந்தோம். கடைசிக் கல்யாணத்தில் கார்டு போதவில்லை என்று, மூன்றாவது கல்யாணத்தின் மருதாணி ராத்திரி இருந்த கார்டை என் வீட்டுக்காரர் அழித்து எழுதியிருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது சின்னப் படங்கள்தான் அந்த ராத்திரிக்கு மிச்சம். இரண்டு பேரும் அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னோம், அதற்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பெண்ணின் அம்மா பணத்தை எண்ணாமல் ஓரமாக வைத்துவிட்டு, "ஆச்சி கூட ஒக்காந்திருந்த படம் இருக்கா பாருங்க" என்று கேட்டார். இல்லை. அன்றைக்குப் பிறகு கார்டு வாங்கும் செலவை நாங்கள் யோசிப்பதில்லை.

மாமாவின் டின்களில் கீழ்த்தட்டில் இருந்தவை முங்கியிருந்தன. நனைந்த நெகட்டிவ் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் அப்புறம் பிரிக்க வராது, ஜெலட்டின் உரிந்துவிடும். அதனால் காயவிடாமல், மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் நிறைந்த பெரிய பேசினில் போட்டு, சேறு போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது கல்லிடைக்குறிச்சி. இது உவரி. இது உங்க அத்தையும் நானும் பாபநாசம் போனது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நோட்டு ஊறிப்போயிருந்தது. மைப்பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகக் கரைந்துவிட்டன. ஊரடங்கில் எடுத்த படங்கள் இருந்ததால் எந்த எண் எந்த வீடு என்பது தப்பித்தது.

இப்போது கம்ப்யூட்டர் மாடியில். கேட்டலாக்கின் ஜிப் மட்டும் வாரம் ஒருமுறை இணையத்தில் ஏறும், அது சில ஜிபிதான். படங்கள் முழுவதையும் ஏற்றுவது எங்களுக்குக் கட்டாது. ஒரு கல்யாணத்துக்கு 2,800 ரா, ஒவ்வொன்றும் 28 எம்பி என்றால் 78 ஜிபி. நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் விடாமல் ஏறினாலும் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் தேர்ந்தெடுத்த நானூறு ஜேபிஜியையும் 'முகம்' படங்களையும் மட்டும் முழு அளவில் ஏற்றுகிறேன். ஒவ்வொரு டிஸ்க் மேலும் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். ஐந்து வருஷம் ஆனால் நன்றாக ஓடினாலும் ஓய்வு. டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் நீலம் மஞ்சளாக மாறினால் ஐந்து வருஷத்துக்குக் காத்திருப்பதில்லை.

சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள், கேமராக்களைத் துடைத்து வைக்கும்போது, பேக்கப் டிஸ்கை வீட்டுக்காரரின் லேப்டாப்பில் மாட்டி, அதிலிருந்தே கேட்டலாக்கைத் திறந்து, ஐந்தாறு பழைய கல்யாணங்களில் ஒரு படத்தையாவது முழு அளவில் எடுத்துப் பார்ப்பேன். முதல் தடவை செய்தபோது எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி. டிஸ்க் இங்கே இ, அங்கே ஜி என்று டிரைவ் எழுத்து மாறியிருந்ததுதான் காரணம். ஃபோல்டர் பட்டியலில் மேல் ஃபோல்டரைக் காட்டச் சொல்லி, அதற்கு மட்டும் சரியான இடத்தைக் காட்டினால் கீழிருப்பவை எல்லாம் தானே சரியாகிவிடும். அந்த அவசர விடியற்காலையில் முதன்முதலாக அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்திருந்தால் எனக்குக் கை ஓடியிருக்காது.

சேரன்மகாதேவித் தம்பி இந்த வருஷம் தலைத்திவசத்துக்குப் பெரிய படமாகப் போட வேண்டும் என்று வந்தான். கூட அவன் பெரியப்பாவும் வந்தார், எண்பதுக்கு மேல் இருக்கும். திரையில் அந்தப் பதினோரு முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஏழு பேருக்கு என்னிடம் பெயர் இல்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். "இவா எங்க சின்னத்தை. முக்கூடல்ல குடுத்திருந்துச்சு. இந்தாளு யாருன்னா, பந்தல் போட வந்தவரு, எங்க வீட்டுச் சாப்பாட்டையே மூணு நாள் சாப்பிட்டாரு." ஆறு பேருக்குப் பெயர் சொன்னார். கடைசியில் இருந்த ஆச்சியை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்லுதேன் என்றார். சாயங்காலம் போன் வந்தது. அந்தப் பெயரையும் எழுதிச் சேமித்தேன். வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில் போகிறேன்.